வினவு மொழியும் விடுபட்ட பெயரும்

பள்ளி தொடங்கியவுடன் வகுப்பாசிரியர் செய்யும் முதல் வேலை வருகைப் பதிவேட்டைத் திறப்பது. பெயர்களை அவர் வரிசையாகப் படிப்பார். வந்திருக்கும் மாணவன் எழுந்து நின்று, "உள்ளேன் ஐயா" என்பான். வராத மாணவனின் பெயரைப் படித்ததும் வகுப்பில் ஒரு சிறு அமைதி நிலவும். அந்த அமைதியும் ஒரு விடைதான். ஆசிரியர் அதனைச் செவிமடுத்து, உரிய குறியைப் பதிவேட்டில் இட்டுவிட்டு, அடுத்த பெயருக்குச் செல்வார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வேலையை நானும் செய்திருக்கிறேன். பிறர் செய்வதை மேற்பார்த்தும் இருக்கிறேன். எனினும், அந்தச் சிறு அமைதியின் பெருமை எனக்கு நன்கு விளங்கியது, ஓய்வு பெற்ற பிறகு கணினியில் ஒரு வினவு மொழியைக் கற்கத் தொடங்கியபோதுதான். அந்த அனுபவத்தையே இன்று எடுத்துக்கூற விரும்புகிறேன்.

கணினி என்றவுடன் கடினமாக இருக்குமோ என்று அஞ்ச வேண்டா. நம் வீட்டுப் பீரோவிலிருந்தே தொடங்குவோம். பீரோவுக்குள் தட்டுகள் இருக்கின்றன. ஒரு தட்டில் பெட்டி இருக்கிறது. பெட்டிக்குள் துணியில் கட்டிய கட்டு. கட்டுக்குள் ஓர் உறை. உறைக்குள் வீட்டு வரி கட்டிய ரசீது. அந்த ரசீது வேண்டுமானால், "பீரோ, இரண்டாம் தட்டு, தகரப் பெட்டி, மஞ்சள் கட்டு, முதல் உறை" என்று வழி சொல்ல வேண்டும். இவ்வாறு ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்கிவைக்கப்பட்ட தரவுகளே இன்று கணினிகளுக்கிடையே பெரும்பாலும் பயணம் செய்கின்றன.

கட்டமிட்ட அட்டவணையில் எல்லாவற்றையும் எழுதிவிட முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். சிலவற்றை எழுதலாம். ஆனால் ஒரு மாணவனுக்கு உடன்பிறந்தார் மூவர் இருப்பர். மற்றொருவனுக்கு ஒருவரும் இரார். ஒருவனுக்கு இரண்டு தொலைபேசி எண்கள். ஒருவனுக்கு எண்ணே இல்லை. கட்டம் எத்தனை போடுவது? வாழ்க்கை எப்போதும் கட்டத்துக்குள் அடங்குவதில்லை. ஆகவேதான் ஒன்றுக்குள் ஒன்றாக எழுதும் முறைகள் தோன்றின.

அவற்றுள் இன்று மிகுதியும் வழங்குவது ஜேசான் என்னும் எழுத்துமுறை. அமெரிக்க நிரலாளரான டக்ளஸ் கிராக்ஃபோர்டு இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு ஓர் இலக்கணம் வகுத்துப் பரப்பினார். 2013-ஆம் ஆண்டில் இது ஒரு தரநிலையாக வெளியிடப்பட்டது. இதன் இலக்கணம் மிகச் சிறியது. பெயரும் அதற்குரிய மதிப்பும் இணையிணையாக வருமாயின் அவற்றை நெளி அடைப்புக்குள் இடவேண்டும். ஒன்றன்பின் ஒன்றாய் வரிசையாக வருவனவற்றைப் பகர அடைப்புக்குள் இடவேண்டும். மதிப்பு என்பது ஓர் எண்ணாகவோ, ஒரு சொற்றொடராகவோ, உண்மை அல்லது பொய் என்பதாகவோ இருக்கலாம். அல்லது மற்றோர் அடைப்பாகவே இருக்கலாம். அடைப்புக்குள் அடைப்பு என்று எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் செல்லலாம். இவற்றோடு ‘நல்’ என்றொரு மதிப்பும் உண்டு. இது நம் ‘நல்ல’ என்ற சொல்லுக்கு உறவன்று. ‘ஒன்றும் இல்லை’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். இந்த ‘நல்’ என்பவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊரிலும் அண்டை ஊர்களிலுமாக உள்ள நான்கு பள்ளிகளின் பழைய மாணவர்கள் சேர்ந்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு கற்பிக்க ஏற்பாடு செய்தார்கள். காலாண்டுத் தேர்வில் கணக்கில் 35 மதிப்பெண்ணுக்குக் கீழே வாங்கியவர்களைச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. பட்டியல் எடுத்துத் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. மதிப்பெண்கள் ஜேசான் கோப்பாகவே கிடைத்தன. அதன் அமைப்பு இது: பள்ளிகளின் வரிசை, ஒவ்வொரு பள்ளிக்குள்ளும் வகுப்புப் பிரிவுகளின் வரிசை, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் மாணவர்களின் வரிசை, ஒவ்வொரு மாணவருக்குள்ளும் பெயரும் மதிப்பெண்களும், மதிப்பெண்களுக்குள் தமிழ், ஆங்கிலம், கணக்கு என்று பாடவாரியாக எண்கள். ஐந்து அடுக்கு ஆழத்தில் இருந்தது எனக்கு வேண்டிய எண்.

பைத்தான் என்னும் நிரல்மொழியைச் சிறிது கற்றிருந்தேன். ஆகவே நான் எழுதிய முதல் நிரல் ஓர் ஏவலாளுக்கு இடும் கட்டளையைப் போல இருந்தது. "முதற் பள்ளியை எடு, அதில் முதற் பிரிவை எடு, அதில் முதல் மாணவனை எடு, மதிப்பெண்ணைப் பார், குறைவாயிருந்தால் பெயரை எழுது, அடுத்த மாணவனுக்குச் செல், மாணவர் முடிந்தால் அடுத்த பிரிவு, பிரிவு முடிந்தால் அடுத்த பள்ளி." இதனை என் பழைய மாணவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் இப்போது மென்பொருள் துறையில் பணியாற்றுகிறார். பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஐயா, வழி முழுவதையும் நீங்களே ஏன் நடக்கிறீர்கள்? வேண்டியது எது என்று மட்டும் சொல்லுங்கள், நடப்பதை நூலகம் பார்த்துக்கொள்ளும்" என்றார்.

நூலகம் என்றால் புத்தகசாலை அன்று. பிறர் எழுதிவைத்து, யாவரும் எடுத்து ஆளக்கூடிய நிரல்களின் தொகுப்புக்குக் கணினித் துறையில் நூலகம் என்று பெயர். அவர் எனக்கு அறிமுகப்படுத்தியது ஜேம்ஸ்பாத் என்னும் வினவு மொழியின் நூலகம். இதனை ஆக்கியவர் ஜேம்ஸ் சாரியர்வின்னி. அமேசான் நிறுவனத்தின் மேகக் கணினிகளைக் கட்டளை வரியிலிருந்து இயக்குபவர்கள், வரும் விடையில் வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்க இந்த மொழியையே பயன்படுத்துகிறார்கள்.

‘வழியைச் சொல்லாதே, வேண்டியதைச் சொல்’ என்ற கொள்கை புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்பார் 1970-இல் தரவுகளை அட்டவணைகளாகக் கருதும் கோட்பாட்டை வெளியிட்டார். அதன் அடிப்படையில் டொனால்டு சேம்பர்லின், ரேமண்டு பாய்ஸ் என்னும் இருவர் 1974-இல் ஒரு வினவு மொழியை உலகுக்கு அறிவித்தனர். அதுவே பின்னர் எஸ்.க்யூ.எல். என்று பெயர் பெற்றது. அது கட்டமிட்ட அட்டவணைகளுக்கென்று பிறந்த மொழி. அடுக்குக்குள் அடுக்கான ஆவணங்களுக்கு 1999-இல் எக்ஸ்பாத் வந்தது. அது எக்ஸ்.எம்.எல். எழுத்துமுறைக்கு உரியது. ஜேசான் பரவியபின், 2007-இல் ஸ்டெஃபான் கெஸ்னர் என்பவர் ஜேசான்பாத் என்ற முறையை எழுதினார். அது பல ஆண்டுகள் பலவாறாக வழங்கி, 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் இணையத்தின் தரநிலை ஆவணமாயிற்று. 2012-இல் ஸ்டீஃபன் டோலன் வெளியிட்ட ஜேக்யூ என்ற கருவியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஜேம்ஸ்பாத் இவர்களுக்குத் தம்பி முறை.

இம்மொழியின் இலக்கணத்தைச் செவிவழியே சொல்ல முயல்கிறேன். உள்ளே செல்வதற்குப் புள்ளி. மாணவர், புள்ளி, மதிப்பெண்கள், புள்ளி, கணக்கு என்று எழுதினால், அந்த மாணவரின் கணக்கு மதிப்பெண் வந்துவிடும். நம் மொழியில் இதனை வேற்றுமை உருபாகக் கொள்ளலாம்; ‘மாணவரது மதிப்பெண்களுள் கணக்கினது’ என்று விரியும். வரிசையில் ஒன்றைச் சுட்டப் பகர அடைப்புக்குள் எண். இங்கே முதலாவது என்பது ஒன்றன்று, பூச்சியம் என்பதைப் புதியவர்கள் கருத்தில் வைக்க வேண்டும். வரிசையில் உள்ள அனைவரும் வேண்டுமானால் பகர அடைப்புக்குள் ஓர் உடுக்குறி. நிபந்தனை கூறிப் பொறுக்குவதற்குப் பகர அடைப்புக்குள் கேள்விக்குறி இட்டு, அதன்பின் நிபந்தனை.

இங்கே ஒரு நுட்பம். எல்லாப் பள்ளிகளின் எல்லாப் பிரிவுகளின் எல்லா மாணவர்களும் என்று உடுக்குறி இட்டே கேட்டால், விடை கட்டுக்குள் கட்டாகவே வரும்; பள்ளிக்கு ஒரு கட்டு, அதற்குள் பிரிவுக்கு ஒரு கட்டு. கட்டுகளையெல்லாம் அவிழ்த்து ஒரே வரிசையாக்க வேண்டுமானால், உடுக்குறி இல்லாமல் வெறும் பகர அடைப்பை மட்டும் இடவேண்டும். அவ்வாறு ஒரே வரிசையாக்கியபின் ஒரு செங்குத்துக் கோடு. அந்தக் கோட்டுக்கு, ‘இதுவரை வந்ததை முழுவதாக எடுத்துக்கொண்டு மேலே செல்’ என்பது பொருள். அதன்பின் ‘கணக்கு 35-க்குக் குறைவு’ என்ற நிபந்தனை. இறுதியில் புள்ளி, பெயர். அவ்வளவே. என் நிரலில் ஏறத்தாழ பன்னிரண்டு வரிகள் செய்த வேலையை ஒரு வரி செய்து முடித்தது. அந்த வரியைத் தமிழில் வாய்விட்டுப் படித்தாலும் பொருள் விளங்கும். ஒரு மொழிக்கு இதைவிட வேறு என்ன சிறப்பு வேண்டும்?

முதன்முறை நான் எழுதி இயக்கியபோது விடை உடனே வந்தது. வெற்றுப் பட்டியல்! 35-க்குக் கீழே ஒருவரும் இல்லை! நான்கு பள்ளிகளிலும் கணக்கில் ஒரு பிள்ளையும் தவறவில்லை என்றால், கணக்காசிரியனாக இருந்த எனக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை. ஆனால் நம்பத்தான் முடியவில்லை. திரும்பப் பார்த்தேன். கணக்கு என்பதற்கு ஆங்கிலத்தில் எழுதிய பெயரில் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றி எழுதியிருந்தேன். அத்தகைய பெயருடைய மதிப்பு எவரிடமும் இல்லை. பைத்தானில் நேரடியாகக் கேட்டிருந்தால், ‘அப்படியொரு பெயர் இல்லை’ என்று பிழை கூறி அங்கேயே நின்றிருக்கும். ஜேம்ஸ்பாத் அவ்வாறு நிற்பதில்லை. இல்லாததைக் கேட்டால் ‘நல்’ என்று அமைதியாக விடை தரும். ‘நல்’ என்பதை 35 என்ற எண்ணோடு ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியாதபோது நிபந்தனை நிறைவேறவில்லை என்று கொண்டு அந்த மாணவரை விட்டுவிடும். அனைவரையும் விட்டுவிட்டது. என் எழுத்துப் பிழை, எல்லாப் பிள்ளைகளையும் தேர்ச்சி பெறச் செய்துவிட்டது!

எழுத்தைத் திருத்தினேன். 41 பெயர்கள் வந்தன. பட்டியலை நான்கு பள்ளிகளுக்கும் அனுப்பிவைத்தேன். மாலை வகுப்பும் தொடங்கியது.

இரண்டு நாள் கழித்து, பழைய பழக்கம் காரணமாக, கூட்டிச் சரிபார்க்க அமர்ந்தேன். மதிப்பெண் பட்டியலில் தேறியவர், தவறியவர், மொத்தம் என்று மூன்றையும் எழுதிக் கூட்டுப் பார்க்காமல் கையெழுத்திடும் வழக்கம் எனக்கு இல்லை. 35-க்குக் கீழே 41 பேர். 35-உம் அதற்கு மேலும் எத்தனை பேர் என்று வினவினேன். 143 என்று விடை வந்தது. மொத்த மாணவர் எத்தனை என்று வினவினேன். 186 என்று வந்தது. 41-உம் 143-உம் கூட்டினால் 184. இருவரைக் காணவில்லை.

நேயர்களே, ஓர் எண் 35-க்குக் கீழே இருக்க வேண்டும். இல்லையேல் 35-ஆகவோ மேலேயோ இருக்க வேண்டும். மூன்றாம் நிலை கிடையாது என்றுதான் நாற்பது பிள்ளைகள் முன் கரும்பலகையில் எழுதிக் கற்பித்திருக்கிறேன். எண்ணுக்கு மூன்றாம் நிலை இல்லை என்பது மெய்தான். ஆனால் எண்ணே இல்லாதவனுக்கு எந்த நிலை? அவன் இரண்டு வினாக்களுக்கும் "உள்ளேன் ஐயா" என்று சொல்ல மாட்டான். இரண்டு பட்டியலிலும் இரான்.

தேடிப் பார்த்ததில் இருவரும் அகப்பட்டனர். ஒருவன், தாயை மருத்துவமனையில் சேர்த்திருந்ததால் கணக்குத் தேர்வு எழுதாத மாணவன். அவனுக்கு மற்றப் பாடங்களின் மதிப்பெண்கள் இருந்தன. கணக்கு என்ற குறிப்பே இல்லை. மற்றவள் ஒரு மாணவி. அவள் 28 வாங்கியிருந்தாள். ஆனால் அவளுடைய விவரத்தை வேறொருவர் பதிந்திருக்கிறார். எல்லோருக்கும் ‘கணக்கு’ என்றிருந்த இடத்தில் அவளுக்கு மட்டும் ‘கணிதம்’ என்று எழுதிவிட்டார். இரண்டு சொல்லும் ஒரு பொருளையே குறிக்கும் என்று நமக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாது.

அந்த மாணவியை நான் நேரில் பார்த்து, "உன் பெயர் விட்டுப்போனதை நீ ஏனம்மா ஆசிரியரிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "என்னை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன் ஐயா" என்றாள். அந்தச் சொல் இன்றும் என் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை. பதிந்தவரின் சொல் வேற்றுமை சிறிது. நூலகம் தன் இலக்கணப்படி ஒழுங்காகவே நடந்தது. தவறு முழுவதும், கூட்டிப் பார்க்குமுன் பட்டியலை அனுப்பிய என்னுடையதே. மூன்று நாள் வகுப்பு அவ்விருவருக்கும் போய்விட்டது. அதனைத் தனியே கற்பித்து ஈடு செய்தோம்.

பின்னர் என் வினாவையே ஆராய்ந்தேன். நான் கேட்டது, "35-க்குக் கீழே வாங்கியவர் யார்?" என்பது. எங்களுக்கு உண்மையில் தேவைப்பட்டதோ, "35-ஐ எட்டாதவர் யார்?" என்பது. கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன அல்லவா? ஒன்று உடன்பாடு, மற்றது எதிர்மறை. ‘கீழே வாங்கியவர்’ என்றால் ஏதேனும் ஒன்றை வாங்கியிருக்க வேண்டும். ‘எட்டாதவர்’ என்றால் வாங்காதவரும் அடங்குவர். ஜேம்ஸ்பாத்தில் இந்த வேறுபாட்டை அப்படியே எழுதலாம். ‘35-உம் அதற்கு மேலும்’ என்ற நிபந்தனையை அடைப்புக்குள் இட்டு, அதன் முன் ‘இல்லை’ என்று பொருள்படும் வியப்புக்குறியை இடவேண்டும். அவ்வாறு வினவியபோது 43 பெயர்கள் வந்தன. விடுபட்ட இருவரும் அவர்களுள் இருந்தார்கள்.

இந்த எதிர்மறை வினாவிலும் ஓர் இடர் உண்டு. அந்த மாணவி 28-க்குப் பதிலாக 90 வாங்கியிருந்தாலும், ‘கணிதம்’ என்ற பெயர் காரணமாக இப்பட்டியலில் வந்திருப்பாள். அதனாலென்ன? தேவையில்லாத ஒரு பிள்ளையை அழைத்துவிட்டால், அவளே வந்து, "எனக்கு 90 ஐயா" என்று சொல்லிச் சென்றுவிடுவாள். தேவையுள்ள ஒரு பிள்ளையை விட்டுவிட்டால், அவள் வந்து சொல்ல மாட்டாள். எந்தத் தவறு நேர்ந்தால் அது தானே வெளிப்படும், எந்தத் தவறு மறைந்தே இருக்கும் என்று எண்ணிப் பார்த்து வினாவை அமைப்பதே அறிவுடைமை.

இதற்கென்றே இந்நூலகத்தில் ஒரு சார்பும் இருக்கிறது. பல மதிப்புகளை வரிசையாகக் கொடுத்தால், அவற்றுள் ‘நல்’ அல்லாத முதல் மதிப்பை அது எடுத்துத் தரும். ‘கணக்கு இருந்தால் கணக்கு, இல்லையேல் கணிதம்’ என்று அதனைக் கொண்டு கேட்கலாம். மாணவியின் சிக்கல் முறையாகத் தீர்ந்துவிடும். ஆனால் அதே சார்பில், ‘இரண்டும் இல்லையேல் பூச்சியம்’ என்று எழுதவும் சிலர் துணிவர். அது கூடாது. தேர்வு எழுதாதவன் வேறு. எழுதிப் பூச்சியம் வாங்கியவன் வேறு. முன்னவனுக்குப் பூச்சியம் போட்டால் அவனுக்கும் அநீதி. வகுப்பின் சராசரியும் கெடும். ‘நல்’ என்பதை விட்டுவிட்டால், சராசரி எழுதியவர்களுக்கு மட்டும் உரியதாகும். பூச்சியமாகக் கொண்டால், அது எவருக்கும் உரியதாகாது. எந்தச் சராசரி வேண்டும் என்பதைக் கேட்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். நூலகம் அதனை முடிவு செய்யாது.

இல்லாததை நடத்தும் முறையில் மொழிக்கு மொழி வேறுபாடு உண்டு என்பதையும் அறிந்துகொண்டேன். ஜேக்யூ என்னும் கருவியில் ‘நல்’ எல்லா எண்களையும்விடச் சிறியது என்பது விதி. ஆகவே அங்கே, ‘35-க்குக் குறைவு’ என்று கேட்டாலே தேர்வு எழுதாதவனும் வந்துவிடுவான். எஸ்.க்யூ.எல். மொழியிலோ இல்லாததோடு ஒப்பிட்டால் ‘அறியப்படாதது’ என்பது விடை. அதனை எதிர்மறையாக்கினாலும் அறியப்படாததாகவே நிற்கும். ஆகவே அங்கே நான் கண்ட எதிர்மறை வழியும் பயன்படாது. ‘இல்லாதவரையும் சேர்’ என்று வெளிப்படையாகக் கூறவேண்டும். ஒரே தரவு, ஒரே வினா, மூன்று மொழிகளில் மூன்று நடத்தை. ஒன்றில் பழகியதை மற்றொன்றில் எதிர்பார்ப்பவர் ஏமாறுவர்.

இன்னும் ஓர் இடர்ப்பாட்டையும் சொல்ல வேண்டும். கட்டுகளை அவிழ்த்து ஒரே வரிசையாக்கினோம் அல்லவா? அப்போது எந்தக் கட்டிலிருந்து எந்தத் தாள் வந்தது என்பது தெரியாமல் போகும். என் 43 பெயர்களுள் முத்துக்குமார் இருவர் இருந்தனர். எந்தப் பள்ளி, எந்தப் பிரிவு என்று பட்டியல் சொல்லவில்லை. எக்ஸ்பாத் மொழியில், உள்ளே இருப்பதிலிருந்து வெளியே இருப்பதற்குத் திரும்பி ஏறுவதற்குக் குறி உண்டு. ஜேம்ஸ்பாத்தில் அவ்வாறு ஏறும் குறி இல்லை. இறங்கும் வழி மட்டுமே. எனவே இறங்கும்போதே வேண்டியதைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். பள்ளியில் நிற்கும்போதே பள்ளியின் பெயரை எடுத்து வைத்து, பிரிவில் நிற்கும்போதே பிரிவின் பெயரை எடுத்து வைத்து, அவற்றோடு மாணவர் பெயர்களைச் சேர்த்து, நெளி அடைப்புக்குள் புதிய அமைப்பாகக் கட்டச் சொல்லலாம். கிணற்றில் இறங்குபவன் கயிற்றை மேலே கட்டிவிட்டு இறங்குவது போன்றது இது.

தமிழில் தரவு வைத்திருப்போருக்கு இரண்டு குறிப்புகள். ஜேம்ஸ்பாத்தில் ஆங்கில எழுத்துப் பெயர்களை அப்படியே எழுதலாம். ‘கணக்கு’ என்று தமிழ் எழுத்தில் பெயர் இருந்தால், அதனை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் இடவேண்டும். 2024-இல் தரப்படுத்தப்பட்ட ஜேசான்பாத்தில் தமிழ்ப் பெயரையும் புள்ளிக்குப் பின் நேரே எழுத இடம் தந்திருக்கிறார்கள். இரண்டாவது, பெயர்களை அகரவரிசைப்படுத்துவது. நூலகத்தின் வரிசை, எழுத்துகளுக்கு யூனிகோடு கொடுத்துள்ள எண்களின் வரிசை. நம் அகராதியின் வரிசை அன்று. அகராதியில் மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன் வரும். ஆகவே கண்ணன் முன்னே, கணேசன் பின்னே. யூனிகோட்டிலோ மெய்யின் புள்ளிக்குரிய எண் உயிர்க்குறிகளின் எண்களுக்குப் பிற்பட்டது. ஆகவே கணேசன் முன்னே வந்துவிடுவான். பதிவேட்டில் பெயரைத் தேடும் ஆசிரியர், இல்லை என்று எண்ணி மூடிவிடக் கூடாது.

இவ்வளவும் சொன்னதால், இந்நூலகங்களை நான் குறை கூறுவதாகக் கொள்ள வேண்டா. இன்றும் அவற்றையே பயன்படுத்துகிறேன். ஆழமான அடுக்குகளில் அலைந்து திரியும் உழைப்பிலிருந்து அவை நம்மை விடுவித்திருக்கின்றன. அந்த விடுதலைக்கு ஈடாக நம்மிடம் அவை கேட்பது ஒன்றே: வினாவைச் செம்மையாகக் கேள் என்பது. நாமே நடந்து சென்றபோது, வழியில் வெற்றிடம் வந்தால் கால் தடுக்கும், நின்று பார்ப்போம். நமக்காகப் பிறர் நடக்கும்போது நம் கால் தடுக்குவதில்லை. அதனால் பார்வையைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டும்.

ஆகவே, இம்மொழிகளைக் கற்கும் இளைஞர்களுக்கு ஓர் ஆசிரியனாக நான் கூறுவது இது. பொறுக்குவதற்கு முன் மொத்தத்தை எண்ணுங்கள். பொறுக்கியதையும் பொறுக்காததையும் தனித்தனியே எண்ணிக் கூட்டுங்கள். கூட்டு மொத்தத்தோடு ஒக்கவில்லையானால், பட்டியலை அனுப்பாதீர்கள். மதிப்பே இல்லாதவர் யார் என்று ஒரு தனி வினாவை எப்போதும் கேளுங்கள். இவற்றைச் செய்ய ஒரு நிமிடம் போதும். நான் அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாததால் இரண்டு பிள்ளைகள் மூன்று நாள் காத்திருந்தார்கள்.

வினவு மொழி, "உள்ளேன் ஐயா" என்று சொன்னவர்களின் பெயரை மட்டும் நமக்குக் கொண்டுவந்து தருகிறது. பெயரைப் படித்தபின் வகுப்பில் நிலவும் அமைதியைக் கேட்கும் வேலை, முன்போலவே இன்றும் நம்முடையதுதான்.